கச்சான் காற்றில் ஏழரை நிமிடம்

புதன், பாம்பன்

ஆகஸ்டில் ராமேஸ்வரம் பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதே என்று சொல்பவர்கள் காரணத்தோடுதான் சொல்கிறார்கள். கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும், மணலை அள்ளி லென்சில் போடும், முக்காலியை ஆட்டும், கடல் தண்ணீரைப் பொடியாக்கிக் கண்ணாடி, திருகு, கண் இமை என்று ஒன்று விடாமல் உப்பு பூசிவிடும். கடலை நீண்ட எக்ஸ்போஷரில், அதாவது ஷட்டரை நிமிடக்கணக்காகத் திறந்து வைத்து, கறுப்பு வெள்ளையாக எடுக்கிறவனுக்கு இதைவிட மோசமான மாதம் கிடையாது. ஆனால் இந்த மாதங்களில்தான் தனுஷ்கோடியில் தென்பக்கம் கடல் கொந்தளிக்கும்போது வடபக்கம் அலையே இல்லாமல் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. ஊர்க்காரர்கள் ஆண்கடல், பெண்கடல் என்பார்கள். நடுவில் சாலையும் இரண்டு பக்கமும் கொஞ்சம் மணலும், அவ்வளவுதான் நிலம். ஒரே காலையில், ஒரே வெளிச்சத்தில், ஒரே நேர அளவில் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

காலையில் ரயில் புதுப்பாலத்தைக் கடந்தது. ஏப்ரல் 2025-ல் திறந்த பாலம். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று லிஃப்ட் மாதிரி அப்படியே செங்குத்தாக மேலே போகும், கப்பல் கீழே போகும். பக்கத்திலேயே 1914-ல் திறந்த பழைய பாலம், துருவேறி, தூண்களில் கிளிஞ்சல் அப்பி நின்றது. 1964 புயலில் அதன் கர்டர்கள் பல கடலுக்குள் போய்விட்டன. ஸ்ரீதரன், அப்போது இளம் பொறியாளர், 46 நாளில் மறுபடி ரயில் ஓடும்படி செய்துவிட்டார். 2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ரயில் நின்றுபோனது.

சாலைப் பாலத்தின் மேலிருந்து எடுத்த பாம்பன் படங்கள்தான் எங்கு பார்த்தாலும். நீண்ட எக்ஸ்போஷருக்கு அந்த இடம் ஆகாது. ஒரு பஸ் போனால் போதும், காலடியில் தரை அதிர்வது தெரியும். அதனால் சாயங்காலம் தீவுப் பக்கம் இறங்கி, நாட்டுப்படகுகள் கட்டியிருக்கும் கரையோரமாகப் போய் முக்காலியை நட்டேன்.

கொண்டு வந்திருப்பது இரண்டு கேமரா. ஒன்று டிஜிட்டல். இன்னொன்று யாஷிகா மேட் 124ஜி, ஒரு காலத்தில் நம்ம ஊர் ஸ்டுடியோக்களில் கல்யாணம் காதுகுத்து எல்லாம் எடுத்த இரட்டைக் கண் பெட்டி. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். 10 ஸ்டாப் கறுப்பு ஃபில்டர் என்பது ஏறக்குறைய வெல்டிங் கண்ணாடிதான், வருகிற வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். எடுக்கிற லென்ஸ் வழியாகவே பார்க்கும் ஃபிலிம் கேமராவில் அதைப் போட்டால் வியூஃபைண்டரில் கும்மிருட்டு. யாஷிகாவில் ஃபில்டர் கீழ்க் கண்ணுக்கு மட்டும், மேல் கண் திறந்தே இருக்கும். எக்ஸ்போஷர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அலை வருவதையும் போவதையும் மேலே இருக்கும் மங்கல் கண்ணாடித் திரையில் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். இதற்காகவே இந்தப் பெட்டியை விற்காமல் வைத்திருக்கிறேன்.

சூரியன் மேகத்துக்குள் போனதும் மீட்டர் எஃப்/22 என்கிற சின்ன லென்ஸ் துளைக்கு 1/8 நொடி சொன்னது. 10 ஸ்டாப் ஃபில்டருக்கு அதை 1024-ஆல் பெருக்கினால் 128 நொடி, 2 நிமிடம் சொச்சம். டிஜிட்டல் என்றால் கணக்கு இதோடு முடிந்தது. ஃபிலிமுக்கு முடியாது. உள்ளே இருப்பது இல்ஃபோர்டு எஃப்பி4. அந்தக் கம்பெனியே கொடுத்திருக்கும் சூத்திரப்படி, மீட்டர் சொன்ன நொடியை 1.26 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 128 நொடி அப்படியே 452 நொடியாகிவிடுகிறது. ஏழரை நிமிடம்!

ஏன் இப்படி என்பது எனக்கு இன்னமும் அலுக்காத விஷயம். ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புத் துணுக்கு ஒவ்வொன்றும் வெளிச்சம் பட்டதைப் பதிந்துகொள்ள, சில ஒளித்துகள்களாவது அடுத்தடுத்து வந்து விழ வேண்டும். ஒன்று வந்து, ரொம்ப நேரம் கழித்து அடுத்தது வந்தால், அதற்குள் துணுக்கு முதலாவதை மறந்துபோயிருக்கும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். அதனால் மங்கிய வெளிச்சத்தில் ஃபிலிமுக்குக் கூடுதல் நேரம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். கருந்துளைக் கணக்குப் போட்ட ஷ்வார்ட்ஷில்டு, 1900 வாக்கில் நட்சத்திரங்களைத் தகட்டில் படமெடுத்தபோது இந்த மறதியைத்தான் அளந்து சூத்திரமாக எழுதினார்.

சரி, ஷட்டரைத் திறந்து வைக்கும் கம்பியான கேபிள் ரிலீசை அழுத்திப் பூட்டினேன். மூன்றாவது நிமிடமோ என்னவோ, ராமேஸ்வரத்திலிருந்து ரயில் வந்தது. இருபது பெட்டிக்கு மேல். பாலத்தின் மேல் வானத்தை மறைத்துக்கொண்டு, ஜன்னல்களில் ஆட்கள் போன் பிடித்துக்கொண்டு நிற்க, முக்கால் நிமிடத்துக்குள் என் படச் சட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. ஏழரை நிமிடத்தில் முக்கால் நிமிடம் என்றால் பத்தில் ஒரு பங்கு. அந்த இடத்து வானம் நெகட்டிவில் ஒரு நூலளவு மங்கலாகத் தெரியலாம், அதுவும் தேடிப் பார்த்தால். பாலம் இருக்கும், தூண்கள் இருக்கும், ரயில் இருக்காது. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பி, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போன 653-ஆம் எண் பாசஞ்சர் இந்தத் தீவுக்குள் ஓடியதுதான். கேபிளை விடுவிக்கிற வரை அந்த நினைப்புதான்.

வியாழன், அரிச்சல்முனை

செக்போஸ்டில் வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் விட்டார்கள். சாயங்காலம் ஆறுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது தெரிந்த விஷயம். எனவே இங்கே ராத்திரிப் படம், நட்சத்திரக் கோடு எல்லாம் மறந்துவிடலாம். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் 2017-ல் திறந்த சாலை நேராக முனை வரை போகிறது. அதற்கு முன் வந்தவர்களுக்கு மணலில் குலுங்கிப் போகும் வேன்தான்.

முனையில் ரவுண்டானா, நடுவில் அசோகத் தூண், சுற்றிக் காவலுக்குக் கொட்டிய பாறாங்கற்கள். தென்பக்கம் கடல் அந்தக் கற்களில் மோதிச் சாலை வரை தெறித்துக்கொண்டிருந்தது. வடபக்கம் இரண்டு சின்னப் பையன்கள் முழங்கால் தண்ணீரில் நின்று நண்டு தேடிக்கொண்டிருந்தார்கள்.

மணலில் முக்காலி நடுவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். கால்களை முழுசாக விரிக்காமல் முக்கால் பாகம் விரித்து, ஒவ்வொன்றாக அழுத்தி, அது இனிமேல் இறங்காது என்கிற இடம் வரை கொண்டுபோய், அப்புறம் மேலே உட்கார்ந்துகொள்கிற மாதிரி ஒரு தடவை எடையைப் போட்டு எடுக்க வேண்டும். அலை வந்து போகும் இடம் என்றால் அதுவும் போதாது, தண்ணீர் திரும்பிப் போகும்போது காலடியிலிருந்து மணலைச் சுரண்டிக்கொண்டே போகும். நான் கால்களுக்கு அடியில் பழைய கேசட் பெட்டி மூடி வைக்கிறேன். பையை நடுத்தண்டில் தொங்கவிட்டால் காற்றில் ஊஞ்சலாடும், தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரிக் கட்டினால் சரியாக இருக்கும்.

முதலில் டிஜிட்டல். தெற்கே திருப்பி 4 நிமிடம், வடக்கே திருப்பி 4 நிமிடம். அதே துளை, அதே ஃபில்டர். வானம் இரண்டு பக்கமும் ஒரே சாம்பல். கேமரா இருட்டுப் படம் ஒன்று தானாக எடுத்துக் கழித்துக்கொள்ள இன்னொரு 4 நிமிடம் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிடம் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும்.

திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே கடல்.

பாறைகளுக்குப் பக்கத்தில் தெற்குப் படத்தில் வெள்ளைப் புகை கொஞ்சம் கூடுதல். அதை விரலால் மறைத்துவிட்டால் எது மன்னார் வளைகுடா, எது பாக் நீரிணை என்று எனக்கே தெரியாது. மழமழவென்று மெழுகித் துடைத்த தரை, மேலே ஒரு கோடு, அதற்கு மேலே வானம். ஆளை இழுத்துப் போடுகிற கடலும், பிள்ளைகள் நண்டு பிடிக்கிற கடலும் 4 நிமிடத்தில் சமமாகிவிட்டன. யோசித்தால் நியாயம்தான். மேலே எழும்பிய தண்ணீர் அத்தனையும் கீழே இறங்கியாக வேண்டும். போதுமான நேரம் திறந்து வைத்தால் எல்லா அலைக்கும் சராசரி தட்டைதான்.

அப்புறம் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 30 நொடியில் தெற்கே லேசாகத் திட்டுத்திட்டாக ஏதோ தெரிகிறது. 8 நொடியில் நுரை நார்நாராக. 1 நொடிக்கு வந்தபோதுதான் தெற்கு தெற்காகவும் வடக்கு வடக்காகவும் ஆனது. தெற்கே திரும்பும் அலை பாறை இடுக்குகளில் வெள்ளைக் கோடுகளாக இழுபட்டது, அதன் வேகம் கோட்டின் நீளத்தில் தெரிந்தது. வடக்கே கோடே இல்லை.

இந்த வகைப் படங்களைப் பற்றி ‘காலத்தின் ஓட்டத்தைக் காட்டுகின்றன’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம், நானும் கண்காட்சிக் குறிப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 4 நிமிடப் படத்தில் ஓட்டமே இல்லை. ஓடியதெல்லாம் கழிந்துபோய், ஓடாதது மட்டும் மிச்சம். ஓட்டம் தெரிய வேண்டுமென்றால் அரை நொடி, ஒரு நொடி, அதிகம் போனால் இரண்டு நொடி. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நிமிடமும் எதை விட்டுவிடுவது என்கிற முடிவுதான்.

பக்கத்தில் பேரன் பேத்தியோடு வந்திருந்த கோயம்புத்தூர்க்காரப் பெரியவர் டிஜிட்டல் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “கடலுக்குப் பனி புடிச்ச மாதிரி இருக்குதுங்க” என்றார். நல்லதாகச் சொன்னாரா இல்லையா தெரியவில்லை.

வெள்ளி, ராமேஸ்வரம்

ராத்திரியே காற்று ஏறிவிட்டது. லாட்ஜ் ஜன்னல் கதவு விடிய விடிய அடித்துக்கொண்டது. காலையில் தனுஷ்கோடிப் பாதையை அடைத்துவிட்டார்கள், சாலை மேல் தண்ணீரும் மணலும் ஏறுகிறதாம். அடைப்பதுதான் சரி.

அதனால் அக்னி தீர்த்தம். கோயிலுக்குக் கிழக்கே, முதல் முழுக்குக் கடலில்தான், அப்புறம் உள்ளே 22 தீர்த்தக் கிணறுகள். வெள்ளிக்கிழமை வேறு, விடிவதற்கு முன்பே ஜனம் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறது. ஒரியா, மராட்டி, தெலுங்கு, எல்லாம் காதில் விழுகிறது. முழுகுகிறார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி முழுகுகிறார்கள், ஒரு பாட்டியை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கி ஏற்றுகிறார்கள். கரையில் புரோகிதர்கள் குடை விரித்து உட்கார்ந்திருக்க, முன்னால் குடும்பம் குடும்பமாகத் தர்ப்பணம்.

தள்ளி நின்று, யார் முகமும் விழாத கோணத்தில், டிஜிட்டலில் 4 நிமிடம் விட்டேன்.

தண்ணீரில் நின்ற நூற்றுக்கணக்கானவர்கள் யாரும் இல்லை. அவர்கள் நின்ற இடத்தில் தண்ணீருக்கு மேல் கணுக்கால் உயரத்துக்கு ஒரு சாம்பல் மூட்டம், அவ்வளவுதான். கரையில் தர்ப்பணம் செய்தவர்கள் இருந்தார்கள். ஒரு புரோகிதர், குடைக்கம்பு, பித்தளைச் சொம்பு, அவருக்கு எதிரே துண்டு கட்டிய மூன்று முதுகுகள். பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகு கூர்மையாக இருக்கிறது, ஈரத்தில் ஒட்டிய பூணூல்கூடத் தெரிகிறது, கைகள் மட்டும் இல்லை. எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டே இருந்த கைகள். முழங்கைக்குக் கீழே காற்று.

புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர் என்று சொல்லப்படுபவரும் இப்படித்தான் விழுந்தார். 1838-ல் டாகேர் பாரிசில் ஜன்னல் வழியாக ஒரு பெரிய வீதியை எடுத்தார். வண்டியும் குதிரையும் ஜனமுமாக நெரியும் வீதி. தகட்டில் வெளிச்சம் பதியச் சில நிமிடங்கள் பிடித்ததால் வீதியே காலி. மூலையில் ஒருவர் மட்டும், ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வதற்காகக் காலைத் தூக்கி வைத்து நின்றதால் தப்பித்தார். அதற்கும் முன்னால், 1826 அல்லது 1827-ல், நியெப்ஸ் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்த படத்துக்குக் குறைந்தது எட்டு மணி நேரம். அதில் கட்டடங்களின் இரண்டு பக்கச் சுவர்களிலும் வெயில் அடிக்கிறது, ஏனென்றால் சூரியன் அந்தப் பக்கம் போன பிறகும் திறந்தே இருந்தது.

லாட்ஜில் அடைந்து கிடந்ததில் இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். கடலைப் படமெடுத்த முன்னோர்களுக்கு நம் மெழுகிய தரைக் கடல் ஒரு தொல்லையாக இருந்திருக்கிறது. வேகம் குறைந்த தகடு, அதனால் அலை கரைந்துபோகிறது, என்ன செய்தும் நிற்க மாட்டேன் என்கிறது. 1856–57-ல் பிரான்சின் தென்கரையில் குஸ்தாவ் ல க்ரே ஓர் அலையை அப்படியே நிறுத்திப் பிடித்துக் காட்டியபோது ஐரோப்பாவே வாய் பிளந்தது. அவரும் சும்மா எடுக்கவில்லை, சில படங்களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொன்று, இரண்டையும் ஒட்டினார். அவர்கள் தலைகீழாக நின்று ஒழித்த குறையை நாம் கறுப்புக் கண்ணாடி காசு கொடுத்து வாங்கித் திரும்பக் கொண்டுவருகிறோம்.

கொண்டுவந்ததில் பெரிய கை மைக்கேல் கென்னா. இங்கிலாந்தின் விட்னெஸில் 1953-ல் பிறந்தவர், ராத்திரியில் மணிக்கணக்காக ஷட்டரைத் திறந்து வைப்பவர், இப்போதும் ஃபிலிம்தான், பிரிண்டும் எட்டு அங்குலத்துக்குள் ஒரு சதுரம். நம் ஊரில் நீண்ட எக்ஸ்போஷர் எடுக்கும் எவனும், நான் உட்பட, ஏதோ ஒரு வகையில் அவரைப் பார்த்து எடுக்கிறவன்தான். தண்ணீரில் நாலு கம்பு, மேலே வெற்று வானம். ஜப்பான்காரர் சுகிமோட்டோ வேறு ரகம். 1980-ல் ஜமைக்காவில் ஆரம்பித்து ஊர் ஊராகப் போய், பாதி கடல் பாதி வானம் என்று ஒரே மாதிரி எடுத்துக்கொண்டே போனார். ஆதி மனிதன் பார்த்த காட்சியை இன்றைக்கும் பார்க்க முடியுமா என்பது அவர் கேள்வி. அதற்குக் கடல் ஒன்றுதான் பதில், மற்றதெல்லாம் மாறிவிட்டது. கேள்வி எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் படகு இல்லாத இடம் பார்த்து முதுகைக் காட்டி நிற்க முடிகிற கரைகளில் எடுத்தார். ராமேஸ்வரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் படகும் ஆளும் இருக்கிறார்கள்.

மத்தியானம் ஃபில்டர்களைக் கழுவினேன். உப்பைத் துணியால் துடைக்கக் கூடாது, கீறிவிடும். நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து, அப்புறம்தான் துணி. முக்காலியைக் குளியலறையில் பிரித்துப் போட்டால் அரைக் கைப்பிடி மணல்.

சனி, தனுஷ்கோடி

பாதை திறந்துவிட்டார்கள். முனை வரை போகாமல் பழைய ஊரிலேயே இறங்கிக்கொண்டேன்.

இங்கே நான் சொல்லி யாருக்கும் புதிதாகத் தெரிய ஒன்றுமில்லை. எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. 1914-லிருந்து அப்படித்தான். இர்வின், கோஷன் என்று கப்பல்கள். ரயில் நிலையம், தபாலாபீஸ், சுங்கச்சாவடி, பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்த ஊர், ஒரு ராத்திரிப் புயலில் போனது. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. மாதா கோயில் சுவர் நிற்கிறது. பவளப்பாறைக் கல்லை வெட்டிச் சுண்ணாம்பு வைத்துக் கட்டியது, கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் பூ மாதிரி, தேன்கூடு மாதிரி வரிகள், பவளமாக உயிரோடு இருந்தபோது உள்ள வரிகள். காற்று சுண்ணாம்பைத் தின்றுவிட்டு வரிகளை விட்டுவைத்திருக்கிறது. ஒரு கல்லின் மேல் விரலை வைத்தால் மாவு ஒட்டுகிறது.

அந்தச் சுவரை ஃபிலிமில் எடுத்தேன், ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. மேகம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, வானம் கோடுகோடாக விழுந்திருக்கும். சுற்றிலும் சங்கு விற்கும் கடைகள், செல்ஃபி எடுக்கும் கூட்டம், ஐஸ் வண்டி. எல்லாம் கரைந்திருக்கும். தேடினால் கிடைக்கிற எல்லாத் தனுஷ்கோடிப் படத்தையும் போல இதுவும் ‘ஆளில்லாத பேய் நகரம்’ என்று தலைப்புப் போட வசதியாக இருக்கும்.

ஆனால் ஆள் இருக்கிறது. ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இத்தனை வருடமாக இருக்கின்றன. குடிசைகளுக்குப் பின்னால் ஓர் அக்கா மணலில் கையால் தோண்டிய ஊற்றிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கூப்பிடு தூரத்தில் கடல், நடுவில் ரெண்டு அடி தோண்டினால் நல்ல தண்ணீர். “குடிச்சுப் பாருங்க, உப்பு இருக்காது” என்று நீட்டினார். இல்லைதான்.

வடகடல் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தெரியாதவர்களுக்கு: கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வல்லத்தில் வலையை ஏற்றிக்கொண்டு போய், கடலுக்குள் பெரிய வளைவாக இறக்கி, மறு முனையைத் தள்ளி வேறோர் இடத்தில் கரைக்குக் கொண்டுவருவார்கள். பிறகு இரண்டு முனையிலும் ஆட்கள் நின்று, பின்னால் நடந்து நடந்து இழுப்பார்கள். மணிக்கணக்காக. இரண்டு கோஷ்டியும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கி வந்து, கடைசியில் மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை, கரை சேரும். இழுக்கிற கூட்டத்துக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து வருகிற கயிற்றை வட்டமாகச் சுருட்டிக்கொண்டே இருப்பார். இங்கே அது வயசானவர் வேலை.

யாஷிகாவை வைத்து ஆரம்பித்துவிட்டேன். சுருட்டுகிறவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, வந்ததுலேர்ந்து பொட்டிய வச்சுக்கிட்டு நிக்கிறீக, படம் விழுந்துச்சா இல்லையா?”

“விழுந்துக்கிட்டு இருக்குண்ணே.”

“அதென்ன விழுந்துக்கிட்டு இருக்கு? ஒரு தட்டு தட்டுனா முடிஞ்சு போச்சு.”

“இதுக்கு ஏழு நிமிசம் ஆகும்.”

“ஏழு நிமிசம் எவன் அசையாம நிப்பான்?”

“நிக்க வேணாம்ணே. அசையிறவங்க இதுல தெரிய மாட்டாங்க.”

கை சுருட்டிக்கொண்டே இருந்தது. “அப்ப இவுக ஆரும் வர மாட்டாக?”

“நீங்க கொஞ்சம் வருவீங்க. உட்காந்திருக்கீங்கல்ல.”

“வலை இழுக்குறவன் வர மாட்டான், கயிறு சுத்துறவன் வருவான். நல்லா இருக்கு தம்பி ஒங்க நாயம்.”

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கேபிளை விட்டேன், நாலு நிமிடத்திலேயே. நெகட்டிவ் மெலிந்து வரும், வரட்டும்.

டிஜிட்டலை எடுத்து, 10 ஸ்டாப்பைக் கழற்றி 6 ஸ்டாப் போட்டேன். 64 மடங்குதான். மீட்டர் 1/30 சொன்ன இடத்தில் 2 நொடி. இழுவைக்கு ஒரு தாளம் இருக்கிறது. ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் குதிகாலை மணலில் ஊன்றிச் சாய்வார்கள், ஒரு நொடிக்கு மேல் அப்படியே நிற்கும், பிறகு ஓர் எட்டு பின்னால். அந்த ஊன்றலில் ஆரம்பித்து, பின்னால் எடுத்து வைக்கும் எட்டில் முடிகிற மாதிரி ஷட்டரை அழுத்தினால், பாதங்கள் துல்லியமாக விழுகின்றன, மணல் விரலிடுக்கில் பிதுங்கியிருப்பது வரை. தோள்களும் தலைகளும் பின்னோக்கிக் கலைந்திருக்கும். கயிறு ஒன்றாக இல்லாமல் மூன்று நான்கு கயிறாக, அதிர்வது தெரிகிறது. பின்னால் கடல் அரைகுறையாக மென்மை. கண்காட்சிக்காரர்கள் ‘அமைதி போதவில்லை’ என்பார்கள். இந்த ஊர் படத்தில் இருந்தால் எனக்குப் போதும்.

வெயில் ஏறும் வரை அதையேதான் எடுத்தேன். மடி கரை சேர்ந்தபோது காரல், சூடை, கொஞ்சம் முரல், ஒரே ஒரு நல்ல பாரை. “காத்து நேரத்துல இம்புட்டுதான்” என்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கூடையைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டார். பங்கு பிரிப்பதை எடுக்கவில்லை, காசு விஷயத்தில் கேமராவை நீட்டக் கூடாது.

திங்கள், வீடு

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பயணம், எழுத எதுவும் இல்லை.

ராத்திரி குளியலறை ஜன்னலில் கம்பளியைக் கட்டி, ஃபிலிமைக் கழுவியாயிற்று. பாம்பன் நெகட்டிவ் நன்றாக வந்திருக்கிறது. இரண்டு பாலமும் ஒன்றன்மேல் ஒன்று படாமல், பழைய தூண்களின் கறுப்பும் புதுப்பாலத்தின் சாம்பலும் தனித்தனியாக. லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ரயிலைத் தேடினேன். கைப்பிடிக் கம்பிகளுக்கு மேலே வானம் ஒரு பட்டையாக மட்டு, தெரிந்தவனுக்குத் தெரியும். பிரிண்ட் போடும்போது கொஞ்சம் அழுத்தி அந்தப் பட்டையை மேலே கொண்டுவர முடியுமா என்று பார்க்கப் போகிறேன். ரயில் வராவிட்டாலும் ஏதோ போயிருக்கிறது என்றாவது தெரிய வேண்டும்.

மாதா கோயில் சுவர் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மேகக் கோடு, வெற்று மணல், ஒரு ஐஸ் வண்டியும் இல்லை. அதைத் தனியாகத் தொங்கவிடுவதாக இல்லை. கரைவலைப் படம் பக்கத்தில் வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் கவரிலேயே இருக்கட்டும். அரிச்சல்முனையின் இரண்டு கடலையும் 4 நிமிட ஜோடி, 1 நொடி ஜோடி என்று நாலாக ஒரே தாளில் போடலாம் என்று இருக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் வாடை பிடித்ததும் வடகடல் பொங்கித் தென்கடல் அடங்கும். அப்போது போய் அதே கல்லுக்குப் பக்கத்தில் நின்று இன்னொரு நாலு எடுக்க வேண்டும்.

கயிறு சுருட்டிய அண்ணன் அவர் மகன் நம்பரைக் கொடுத்திருந்தார். 2 நொடிப் படம் ஒன்றையும், கிளம்பும்போது போனில் சாதாரணமாக எடுத்த ஒன்றையும் வாட்ஸப்பில் அனுப்பினேன். மகன் போன் படத்துக்கு மட்டும் ஒரு இதயம் போட்டிருக்கிறான். 2 நொடிப் படத்துக்குக் கீழே, “அண்ணே, இது ஆடிருச்சு, வேற இருந்தா அனுப்புங்க.”